பெருங்கடல் பயணம்: சின்னப் பாய்மரப் படகில் அன்றாடம் நடக்கும் தவறுகள்

பெருங்கடலைக் கடக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் புயலுக்குத்தான் தயாராகிறார்கள். உயிர்காப்புத் தெப்பம், சாட்டிலைட் போன், அவசர சிக்னல் கருவி எல்லாம் வாங்கிவிடுவார்கள். வாங்க வேண்டியவைதான். ஆனால் வடமேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேனரி தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனுக்குப் போகும் வழக்கமான பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,700 கடல்மைல் (ஒரு கடல்மைல் 1.85 கி.மீ.). சூறாவளிக் காலம் முடிந்து, நவம்பர் கடைசிக்கு மேல் கிளம்பினால், 10 அல்லது 12 மீட்டர் படகுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். அந்த மூன்று வாரத்தில் புயல் கண்ணில் படாமலே போகலாம். இருபது இரவுகளும் அறுபது வேளைச் சாப்பாடும் காயாத துணியும் எப்படியும் உண்டு. ஆட்களை ஓய்த்துப்போடுவது இவைதான்.

முதல் தவறு தூக்கத்தில் நடக்கிறது. கிளம்பின அன்று இரவு எல்லோரும் உற்சாகத்தில் விழித்திருப்பார்கள். யார் எப்போது விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்வது என்ற காவல் முறையை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அடிவானத்தில் எழும் நட்சத்திரம் கப்பல் விளக்காகத் தெரியும், கப்பல் விளக்கு நட்சத்திரமாகத் தெரியும். கட்டிய முடிச்சைக் கட்டினோமா என்று நினைவிருக்காது. இரண்டு பேர் மட்டும் போகிற படகில் மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் ஓய்வு என்பது பலரும் வைத்துக்கொள்கிற கணக்கு. நான்கு மணி நேரம் ஒத்துவருகிறவர்களும் உண்டு. எந்தக் கணக்கானாலும் சரி, கரையை விட்ட முதல் மாலையே அது தொடங்கியாக வேண்டும். ஓய்வு நேரம் வந்தால் தூக்கம் வராவிட்டாலும் படுத்துவிட வேண்டும். பகலில் கிடைக்கிற ஓய்வையும் விடக்கூடாது.

எங்கே படுப்பது என்பதும் முக்கியம். கரையில் நிற்கும்போது முன்பக்க அறையின் பெரிய மெத்தை ஆசையாக இருக்கும். கடலில் அந்த இடம்தான் அலைக்கு அலை தூக்கிப் போடும். படகின் நடுப்பகுதியில், குறுகலான பலகையில், உருண்டு விழாமல் பக்கவாட்டில் துணித் தடுப்பு கட்டிப் படுத்தால்தான் உடம்பு உண்மையில் தளரும்.

காவல் மாறும்போது எழுப்பிவிட்டு உடனே போய்ப் படுத்துவிடுவது இன்னொரு தவறு. எழுந்தவருக்குக் கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும். காற்று எப்படி இருக்கிறது, எந்தத் திசையில் விளக்கு தெரிந்தது, எந்தப் பாய் எவ்வளவு சுருக்கப்பட்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். பெரிய கப்பலின் கம்பத்து விளக்கு குறைந்தது 6 கடல்மைல் தொலைவில் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்தக் கப்பல் 20 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் நேர் எதிரே வருகிறது, நீங்கள் 5 நாட்டில் போகிறீர்கள் என்றால், விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து 15 நிமிடம்கூட மிச்சமில்லை. காவலில் இருப்பவர் அரை மணி கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

குமட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் நிற்காது. கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். முதல் மூன்று நாளுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து வைத்துவிடுங்கள். அந்த நாட்களில் அடுப்படியில் குனிந்து வெங்காயம் நறுக்கினால் பழகிய ஆளுக்கும் தலை சுற்றும்.

தண்ணீரை முழுவதும் ஒரே தொட்டியில் வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. உப்புநீரைக் குடிநீராக்கும் கருவி இருக்கிறதே என்பார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும், வடிகட்டி வேண்டும், பம்ப் ஓட வேண்டும். 1968-69ல் பிரிட்டன் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 32 அடி நீளமுள்ள சுஹைலி படகில் எங்கும் நிற்காமல் தனியாக 312 நாளில் உலகைச் சுற்றினார். வழியில் அவருடைய தொட்டித் தண்ணீர் கெட்டுப்போய், மழைநீரைப் பிடிக்க வேண்டி வந்தது. ஆகவே குடிநீரை இரண்டு தொட்டிகளிலும், அதற்கு மேல் தனிக் கேன்களிலும் பிரித்து வையுங்கள். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 2 முதல் 3 லிட்டர். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ராத்திரி மழைக்கோட்டும், உடம்பைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் கழற்றிக் கழிவறைக்குப் போகச் சோம்பல்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். தலைவலியும் மலச்சிக்கலும் எரிச்சலும் அப்புறம் தானாக வரும்.

சமையலறையில் புயலை விட வெந்நீருக்குத்தான் பயப்பட வேண்டும். மருத்துவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போது காலில் கொட்டும் ஒரு கெண்டி வெந்நீர் பயணத்தையே மாற்றிவிடும். குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊற்றக்கூடாது. பாத்திரம் கழுவும் சிங்க்கின் உள்ளே குவளையை வைத்து, பாதிக்குமேல் போகாமல் ஊற்ற வேண்டும். வெயிலானாலும் ரப்பர் ஏப்ரனோ மழை பேன்ட்டோ போட்டுக்கொண்டு சமைப்பது நல்லது. சமையல் முடிந்ததும் கேஸை சிலிண்டரிலேயே மூடுங்கள். இந்த வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, படகின் அடியில் போய்த் தேங்கும். சாமான் வந்த அட்டைப்பெட்டிகளை மட்டும் உள்ளே ஏற்றாதீர்கள். அவற்றின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும்.

உப்புப் பட்ட துணி வெயிலில் காய்ந்ததுபோல் இருக்கும், சாயங்காலம் மறுபடி நசநசக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது இது. அந்தத் துணியோடு படுக்கையில் உட்கார்ந்தால் படுக்கையும் இனிக் காயாது. பின்புறத்திலும் இடுப்பிலும் புண் வரும். வெளித்துணி படிக்கட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமாகப் பாய் அசையாமல் நன்றாக இழுக்கிறது, தொட வேண்டாம் என்று விட்டுவிடுவது பெரிய தவறு. படகு 6 விநாடிக்கு ஒரு முறை ஆடுகிறது என்று வைத்தாலும் ஒரே நாளில் 14,400 முறை கயிறு அதே இடத்தில் தேய்கிறது. பாயை ஏற்றும் கயிறு பாய்மர உச்சியின் கப்பியில் தேய்வது கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. தினமும் ஒரு சாண் இறக்கியோ ஏற்றியோ தேயும் இடத்தை மாற்றுங்கள். காலையில் தளத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். ராத்திரி வந்து விழுந்த பறக்கும் மீன்களுக்கு நடுவே ஒரு சின்னப் பின்னோ நட்டோ கிடந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று தெரியும்வரை வேறு வேலை வேண்டாம். படகின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

அமைதியான பகலில் பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி வைக்கத் தோன்றும். 6 நாட் வேகத்தில் படகு விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. விழுந்த ஒரு நிமிடத்தில் சுமார் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். மற்றவர் கீழே தூங்கிக்கொண்டிருந்தால் விழுந்தது யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் நிற்கும்போதே பெல்ட்டை மாட்டிக்கொண்டு அப்புறம் வெளியே காலெடுத்து வைக்க வேண்டும். பாயைச் சுருக்குவதையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ராத்திரி மேகம் ஒன்று காற்றோடு வந்து இறங்கிய பிறகு தூங்குகிறவரை எழுப்பி, இருட்டில் தளத்தில் தவழ வைப்பதை விட, அரை நாட் வேகம் குறைவது எவ்வளவோ மேல்.

கடைசித் தவறு கரை தெரிந்த பிறகு நடப்பது. மூன்று வாரம் கழித்துத் துறைமுக விளக்கைப் பார்த்ததும், இருட்டினாலும் பரவாயில்லை, உள்ளே போய்விடுவோம் என்று மனம் துடிக்கும். பழக்கமில்லாத துறைமுகம், ஓய்ந்த உடம்பு, ஊர் விளக்குகளுக்கு நடுவே தொலைந்துபோகும் மிதவை விளக்குகள். கரையிலிருந்து நல்ல தூரம் விலகி, பாயைச் சுருக்கிப் படகை மெதுவாக்கி, வழக்கம்போல் காவலைப் பிரித்துக்கொண்டு, விடியும்வரை வெளியிலேயே காத்திருங்கள்.