ஸ்லைடிங் பெவல் வாங்குவது எப்படி: முதலில் பூட்டைப் பாருங்கள்

மூலைமட்டம் 90 டிகிரியை மட்டும்தான் காட்டும். நாற்காலிக் காலின் சாய்வு, டவ்டெயில் (புறா வால் வடிவப் பற்களைக் கோத்துச் செய்யும் மர இணைப்பு) பல், மூலை சரியாக 90 இல்லாத பழைய அறையில் பொருத்தவேண்டிய ஷெல்ஃப் என்று வரும்போது, ஓரிடத்தில் இருக்கும் கோணத்தை எடுத்து இன்னோரிடத்தில் அப்படியே வைத்தாக வேண்டும். அதற்குத்தான் ஸ்லைடிங் பெவல். பாகங்கள் மூன்றுதான்: கைப்பிடிக் கட்டை, நடுவில் நீளப் பள்ளம் வெட்டிய பிளேடு, இரண்டையும் சேர்த்து இறுக்கும் பூட்டு. டிகிரி அளவு எதுவும் அதில் பொறித்திருக்காது, அது தேவையும் இல்லை.

கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் பெவல்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேலையில் இறங்கியதும்தான் வித்தியாசம் தெரியும்: ஒன்று வைத்த கோணத்திலேயே நிற்கும், இன்னொன்று கோடு போடும்போதே நழுவும். 200 மி.மீ. நீளத்தில் 1 டிகிரி நழுவினால் நுனியில் சுமார் 3.5 மி.மீ. பிழை. டவ்டெயிலில் அவ்வளவு இடைவெளி விழுந்தால் அந்த இணைப்பு வீண்தான்.

படி 1: அளவு

ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் 200 மி.மீ. (8 அங்குல) பிளேடு உள்ளதை எடுங்கள். மேசை, நாற்காலி, கதவுச் சட்டம் எல்லாவற்றுக்கும் அது போதும். டிராயர் செய்கிறவர்களுக்கு 100 மி.மீ. (4 அங்குல) பெவல் தனியாக வேண்டும். 12 அல்லது 18 மி.மீ. பலகையின் விளிம்பில் பெரிய பெவலை வைத்தால், கட்டையின் எடை ஒரு பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். படிக்கட்டு, கூரை வேலைக்கு 250 மி.மீ.க்கு மேல் தேவைப்படும், அதை வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: பூட்டு

புதிதாக வாங்குகிறவர்கள் மரத்தையும் பித்தளையையும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுகிறார்கள். பூட்டு நான்கு வகை.

விங் நட் (விரலால் திருகும்படி இரண்டு சிறகுள்ள நட்டு) வைத்தது விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் நட்டின் சிறகு கட்டையின் முகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தால் பெவல் பலகையில் படியாது. சில நேரம் இறுக்கி முடித்த நிலையில் சிறகு கட்டையின் விளிம்பைத் தாண்டி நின்று பலகையில் இடிக்கும்.

லீவர் வைத்தது வேகமானது. ஸ்டான்லி நிறுவனத்தின் பழைய 25ஆம் எண் பெவலும், கனடாவின் வெரிட்டாஸ் பெவலும் இந்த வகை. இதை வாங்கும்போது லீவரை முழுதாக இறுக்கி, அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். கட்டையின் நீளவாக்கில் படிந்து நின்றால் நல்லது. குறுக்கே நின்றால் வேலையில் தொல்லை கொடுக்கும். நாள்பட்ட தேய்மானத்தில் லீவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டையின் அடிமுனையில் திருகு வைத்துப் பூட்டுவது மூன்றாவது வகை. ஸ்டான்லி 18ஆம் எண், ஆஸ்திரேலியாவின் வெஸ்பர் பெவல்கள் இப்படி. இரண்டு முகத்திலும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, எந்தப் பக்கமும் படியும், பிடித்திருக்கும் கையாலேயே இறுக்கலாம். பணம் இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பழைய 18ஆம் எண் எங்கேயாவது கண்ணில் பட்டால், பிளேடு வளையாமல் திருகு மரை தேயாமல் இருக்கும்பட்சத்தில் யோசிக்காமல் எடுங்கள்.

நான்காவது, ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கும் சாதாரணத் திருகு. பிடி பலமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் டிரைவரைத் தேடவேண்டும்.

எந்த வகையானாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: இறுக்கும்போதே கோணம் மாறுகிறதா? இறுக்கிய பிறகு நழுவுகிறதா?

முதல் கோளாறு விங் நட்டில்தான் அதிகம். நட்டு சுற்றும்போது அடியிலுள்ள வாஷரையும் சேர்த்து இழுக்கிறது, வாஷர் கட்டையை அழுத்தித் திருக, உள்ளே போல்ட்டும் சுற்றினால் பிளேடும் கூடவே நகரும். சோதிக்க எளிய வழி உண்டு. இழைத்த நேர் விளிம்புள்ள பலகையில் கட்டையைப் பதித்து, பூட்டை லேசாக மட்டும் இறுக்கி, கூரான பென்சிலால் கோடு போடுங்கள். பெவலை எடுத்து முழுதாக இறுக்கி, அதே கோட்டின் மேல் மறுபடி வையுங்கள். பிளேடு முழு நீளமும் கோட்டில் படியவேண்டும். படியாவிட்டால் பின்பக்கம் போல்ட்டின் தலையைக் கவனித்துக்கொண்டே நட்டைத் திருகிப் பாருங்கள். தலையும் சேர்ந்து சுற்றினால் காரணம் அதுதான். நல்ல பெவலில் போல்ட்டின் கழுத்து சதுரமாக இருந்து கட்டைக்குள் சுற்றாமல் நிற்கும்.

இரண்டாவது சோதனைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். பூட்டை விரலால் முடிந்த அளவு இறுக்கி, ஒரு கோணத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கட்டையைக் கையில் பிடித்து, பிளேடு கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, பூட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி நிறைந்த பாட்டிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பாட்டிலை எடுத்துவிட்டுப் பழைய கோட்டில் வைத்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் படி 4இல் சொல்லியிருக்கும் எண்ணெய் விஷயத்தைப் படியுங்கள், பல நல்ல பெவல்கள் அதனால்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

படி 3: பிளேடும் கட்டையும்

பிளேடின் இரண்டு ஓரமும் இணையாக இருக்கவேண்டும். வெர்னியரால் நுனியிலும் அடியிலும் அகலத்தை அளந்தால் தெரிந்துவிடும். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். ஓரம் நேராக இருக்கிறதா என்பதை இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

கட்டையின் இரு விளிம்பும் இணையா என்று பார்க்க: பிளேடு இரண்டு பக்கமும் நீட்டும்படி நடுவில் பூட்டுங்கள். ஒரு விளிம்பைப் பலகையில் பதித்து ஒரு கோடு. பெவலைப் புரட்டாமல் அப்படியே அரைவட்டம் சுற்றி, மறு விளிம்பைப் பதித்து முதல் கோட்டின் மேல் பிளேடைக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கட்டை சரி.

பூட்டைத் தளர்த்தி, கட்டையின் பிளவுக்குள் பிளேடு பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள். ஒரு ஏ4 தாள் இடையே நுழைவது தவறில்லை. மூன்று நான்கு தாள் தாராளமாக நுழைந்தால், பூட்டும்போது கட்டை கோணலாக மடங்கும். பிளாஸ்டிக் பிடியில் இது அடிக்கடி நடக்கிறது, ஆகவே பிளாஸ்டிக் பிடியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மரக் கட்டை கைக்கு இதமானது. ஆனால் பலகையில் உரசும் விளிம்பில் பித்தளைத் தகடு இருக்கவேண்டும், வெறும் மரம் என்றால் தேய்ந்து குழி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதிப் பிளவு இறுகி, பிளேடை இழுக்கவே முடியாமல் போவதும் உண்டு. அப்போது அரத்தால் ராவிப் பிளவை அகலமாக்கிவிடாதீர்கள். வெயில் காலத்தில் மரம் சுருங்கியதும் அதே பிளேடு லொடலொடக்கும். கடலோர ஊர்க்காரர்கள் உலோகக் கட்டை, துருப்பிடிக்காத எஃகு பிளேடு என்று போவது நல்லது.

படி 4: வீட்டுக்கு வந்ததும்

புது பிளேடில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பூட்டு பிடிப்பதே உராய்வால்தான், அந்த இடத்தில் எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். முழுதாகக் கழற்றி, பிளேடு, கட்டையின் உட்பக்கம், வாஷர் மூன்றையும் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே பிசுக்கை விட்டுப்போகும். பிறகு பள்ளத்தின் ஓரங்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு தட்டினால் சிறிய அரத்தால் லேசாக எடுத்துவிடுங்கள். பிளேடில் பூட்டு பிடிக்கும் இடத்தை மட்டும் 320 எண் உப்புத்தாளால் குறுக்காக இரண்டு இழுப்பு இழுத்தால் பிடிமானம் கூடும். இத்தனைக்கும் பிறகு பாட்டில் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

துருவுக்குப் பயந்து பின்னாளில் எண்ணெய் போடுவதானால் பிளேடின் நுனிப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: கோணம் வைப்பது

சின்ன பிளாஸ்டிக் பாகைமானியில் வைத்துப் பெவலைத் திருப்புவது நம்பத்தக்கதல்ல. நேர் விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதில் விளிம்பிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 5 டிகிரிக்கு 8.7 மி.மீ., 10 டிகிரிக்கு 17.6, 15 டிகிரிக்கு 26.8, 22.5 டிகிரிக்கு 41.4, 30 டிகிரிக்கு 57.7 அளந்து, செங்குத்துக் கோட்டின் அடியோடு இணைத்தால் செங்குத்திலிருந்து அந்தச் சாய்வு கிடைக்கும். 200 மி.மீ. உயரத்தில் இரட்டிப்பாக அளந்தால் இன்னும் துல்லியம். டவ்டெயிலுக்கு டிகிரியே வேண்டாம்: மென்மரத்துக்கு 1:6, தேக்கு போன்ற கடினமரத்துக்கு 1:8 என்ற வழக்கப்படி, 60 மி.மீ. உயரத்துக்கு 10, 80க்கு 10 என்று அளந்து இணைத்தால் போதும்.

கட்டையை விளிம்பில் அழுத்திப் பிடித்து, பூட்டை அரைகுறையாக இறுக்கி, பிளேடின் நுனியை விரலால் தட்டித் தட்டிக் கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகு முழுதாக இறுக்குங்கள். இறுக்கியபின் ஒருமுறை கோட்டில் வைத்துச் சரிபார்க்காமல் வேலைப் பலகைக்குப் போகாதீர்கள். அந்தச் சோதனைப் பலகையைத் தூக்கிப் போடவும் வேண்டாம், வேலை நடுவே பெவல் கீழே விழுந்தால் கோணத்தை மீட்க அதுதான் வழி.

பின்சேர்க்கை

இடதுகைப் பழக்கமுள்ளவர்கள் விங் நட் பெவல் வாங்கினால், போல்ட்டை உருவி எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிக்கொள்ளலாம். இரண்டு முகத்திலும் சதுரத் துளை இருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இது நடக்காது.

வீட்டிலிருக்கும் பழைய பெவலில் போல்ட் சுற்றுகிறது என்றால் அதைத் தூக்கி எறிய அவசியமில்லை. மரத்தில் சதுரத் துளை வட்டமாகிப் போயிருக்கும். போல்ட்டைப் பிறகு உருவ முடியும்படி கழுத்திலும் மரையிலும் மெழுகு தடவி, துளையில் எபாக்சி பசை நிரப்பி, போல்ட்டை நேராகச் செருகி ஒரு நாள் விடுங்கள். பசை பிளேடு போகும் பிளவுக்குள் வழியாமலிருக்க, அங்கே மெழுகு தேய்த்த அட்டைத் துண்டு ஒன்றைத் துளையிட்டுச் செருகி வைக்கவேண்டும்.