மென்பொருள் ஆராய்ச்சியில் செயற்கை நுண்ணறிவு: அளவுகோலில் நேரும் தவறுகள்

மென்பொருள் பொறியியலில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி ஆய்வு செய்யப் புகும் மாணவர்கள், கருவியை உருவாக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதன் பயனை அளக்கும் முறையில் காட்டுவதில்லை என்பது என் கவலை. இத்துறையில் பின்னாளில் கேள்விக்குள்ளான முடிவுகள் பலவற்றில் பிழை ஒளிந்திருந்த இடம் அளவுகோல்தான்.

அவற்றுள் மிக ஆழமான தவறு, சோதனைகளில் தேறிய நிரலைச் சரியான நிரல் என்று எண்ணிக்கொள்வது. கிளேர் லெ கோஸ், வெஸ்ட்லி வைமர் முதலியோர் ஜென்புரோக் என்னும் கருவியைக் கொண்டு, சி மொழி நிரல்களில் இருந்த 105 வழுக்களில் (நிரல் பிழைகளில்) 55-ஐ, ஒன்றுக்கு ஏறத்தாழ 8 டாலர் செலவில், மனித உதவியின்றித் திருத்தியதாக 2012-ல் அறிவித்தனர். வழுநீக்கத்திற்கு விடிவு வந்துவிட்டதாகவே பலரும் நம்பினர். 2015-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மார்ட்டின் ரினார்டின் குழு அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தபோது, உண்மையிலேயே சரியானவை இரண்டு வழுக்களுக்கு மட்டுமே கிடைத்திருந்தன. சில சோதனைகள் நிரல் தந்த விடையைப் பார்க்காமல், அது பிழைக் குறியீடு இன்றி முடிந்ததா என்பதை மட்டும் பார்த்திருந்தன. திருத்தங்களில் மிகப் பெரும்பாலானவை, வழு இருந்த செயல்பாட்டையே நீக்கிவிடுவதற்கு ஒப்பானவையாக இருந்தன. நிரலின் பகுதிகளை நீக்க மட்டுமே தெரிந்த ஒரு கருவியை அக்குழு உருவாக்கி, அதுவும் சரியான திருத்தங்களின் எண்ணிக்கையில் பின்தங்கவில்லை என்று காட்டியது. அதே ஆண்டில் லெ கோஸும் வேறு சிலரோடு சேர்ந்து, திருத்தத்தின்போது பயன்படுத்தாத தனிச் சோதனைகளால் இத்தகைய கருவிகளை ஆராய்ந்தார். தாம் உருவாக்கியதைத் தாமே ஐயுற்று ஆராயும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெருமளவு உரையைப் படித்துப் பயின்று தாமே நிரல் எழுதும் மொழி மாதிரிகளின் காலத்திலும் இதே தவறு திரும்பி வந்தது. அவற்றின் நிரல் எழுதும் திறனை அளக்க ஓப்பன்ஏஐ 2021-ல் வெளியிட்ட ஹியூமன்ஈவல் தொகுப்பில் 164 நிரலாக்கக் கணக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சோதனைகள் சிலவே. 2023-ல் வேறு ஆய்வாளர்கள் அச்சோதனைகளை 80 மடங்கு பெருக்கியபோது, மாதிரிகளின் மதிப்பெண் குறைந்ததோடு அவற்றின் தரவரிசையும் சில இடங்களில் மாறிப்போனது. ஆகவே, வெளியாகும் நிரல்களில் ஒரு பகுதியையேனும் ஆய்வாளர் தம் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான் என்றாலும் அதற்கு மாற்று இல்லை.

அடுத்த தவறு, பயிற்சித் தரவும் சோதனைத் தரவும் கலந்துவிடுவது. நிரலாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் நிரல்களை நகலெடுப்பதால், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் களஞ்சியங்களில் ஒரே கோப்பு பல இடங்களில் கிடக்கும். அவற்றை நீக்காமல் கோப்புகளைக் குலுக்கிப் பிரித்தால், மாதிரி ஏற்கெனவே பார்த்த நிரலையே தேர்வில் மீண்டும் பார்க்கும். இத்தகைய நகல்களால் மதிப்பெண் சில வேளைகளில் இருமடங்காகத் தோன்றக்கூடும் என்று மில்டியாடிஸ் அல்லாமனிஸ் 2019-ல் காட்டினார். நகல்களை நீக்கிய பிறகும் காலவரிசைப்படியே தரவைப் பிரிக்க வேண்டும், ஏனெனில் நாளைய திருத்தத்தைப் படித்துவிட்டு நேற்றைய வழுவைக் கணிக்கும் வாய்ப்பு நடைமுறையில் எவருக்கும் கிடைப்பதில்லை.

எளிய முறையோடு ஒப்பிடாமல் இருப்பதும் தவறே. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைக் கண்டறிய ஆழ்கற்றல் முறைக்குச் சுமார் 14 மணி நேரம் தேவைப்பட்ட இடத்தில், நன்கு சீரமைத்த பழைய வகைப்படுத்தி ஒன்று 10 நிமிடத்தில் அதற்கு ஈடான விளைவைத் தந்ததை வெய் ஃபூவும் டிம் மென்சீஸும் 2017-ல் நிறுவினர். நூறு கோப்புகளில் இரண்டில் மட்டுமே வழு இருக்கும்போது, எல்லாமே நல்லவை என்று சொல்லும் கருவிக்கும் 98 விழுக்காடு துல்லியம் கிடைக்கும் என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ள வேண்டும்.

கருவி பயனுள்ளதா என்பதை நிரலாளர்களின் வாய்மொழியைக் கொண்டு மட்டும் முடிவு செய்வதும் ஆபத்தானது. மீட்டர் என்னும் ஆய்வு அமைப்பு 2025-ல் வெளியிட்ட சோதனையில், அனுபவம் மிக்க 16 திறமூல நிரலாளர்கள் தாங்கள் நன்கறிந்த களஞ்சியங்களில் 246 பணிகளைச் செய்தனர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அனுமதித்த பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆகியிருந்தும், வேலை முடிந்த பிறகுகூட அவர்கள் தங்கள் நேரம் 20 விழுக்காடு மிச்சமானதாகவே மதிப்பிட்டனர். குறிப்பிட்ட சூழலில் சிலரிடம் கண்ட இம்முடிவை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் கேள்வித்தாளோடு கடிகாரமும் வைத்திருந்ததால்தான் அந்த இடைவெளி வெளியே தெரிந்தது.