வீட்டிலிருந்தே வேலை: உங்களுக்கு எது சரிவரும்?

வெளிநாட்டுக்கு வந்து வீட்டிலிருந்தே செய்யும் வேலை தேடுகிறீர்களா? விண்ணப்பம் போடத் தொடங்குவதற்கு முன் விசாத் தாளை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள். "ஊர்க் கம்பெனிக்குத்தானே செய்கிறேன், சம்பளமும் ஊர்க் கணக்குக்குத்தானே போகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி எங்கே இருக்கிறது என்பதை விட, நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலான நாடுகள் பார்க்கின்றன. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் சுயதொழில் கூடாது. ஃப்ரீலான்ஸ் என்று வருவது அநேகமாகச் சுயதொழில்தான். அமெரிக்காவில் வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டை கையில் வரும்வரை பொறுக்க வேண்டும். கம்பெனி இடமாற்றத்தில் வந்தவரின் வாழ்க்கைத் துணைக்கு, அதாவது எல்-2 விசாவில் இருப்பவருக்கு, அந்த அட்டை தேவையில்லை. நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால் போதும்.

அனுமதி இருக்கிறதென்றால், அடுத்து உங்கள் வீட்டு நேரத்தை அளந்து பாருங்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: யாரும் கூப்பிடாமல், கதவைத் தட்டாமல், எத்தனை மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது? மொத்தம் 6 மணி நேரம் கிடைத்தாலும் அது முக்கால் மணி முக்கால் மணியாகச் சிதறியிருந்தால் போனில் பேசும் வேலை எதுவும் நடக்காது. கஸ்டமர் சப்போர்ட் அழைப்புகளைப் பதிவு செய்து கேட்பார்கள். பின்னணியில் குழந்தை அழுதால் மதிப்பெண் குறையும். பள்ளிக்குப் போகாத குழந்தை வீட்டில் இருந்து, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லையென்றால், கெடு மட்டும் சொல்லி வேலையைக் கொடுத்துவிடும் இடங்களைத் தேடுங்கள்: மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுவது, டேட்டா என்ட்ரி போன்றவை.

பேச்சு வேலைதான் என்று முடிவெடுத்தால் இணையத்தைச் சோதியுங்கள். காலையில் அல்ல, வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும் இரவு 8 மணிக்கு. பலர் டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவே போதும். குரல் விட்டு விட்டுக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக் குறைவல்ல, வைஃபை தடுமாற்றம். உங்கள் குரல் மறுமுனைக்குப் போய்ச் சேரும் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வீர்கள். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அறை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் இதை முன்பே கேட்டு வைப்பது நல்லது.

தமிழ் தெரிந்தவர்கள் கவனிக்காமல் விடும் வேலை ஒன்று இருக்கிறது: தொலைபேசி வழி உரைபெயர்ப்பு, அதாவது ஒருவர் பேசுவதை உடனுக்குடன் மற்றவரின் மொழியில் சொல்வது. மருத்துவமனை, அரசு அலுவலகம், நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறது. இரண்டு மொழியும் பேசத் தெரிந்தால் போதும் என்று நம்பி இறங்கித்தான் பலர் திணறுகிறார்கள். எதிரே பேசுபவர் யாழ்ப்பாணத்துக்காரராகவும் இருக்கலாம், நெல்லைக்காரராகவும் இருக்கலாம். "கதைக்கேலாது" என்று நோயாளி சொன்னால் பேச முடியவில்லை என்று அந்த நொடியே புரிய வேண்டும். ரத்தக்கட்டி, முடக்குவாதம், ஜாமீன், மேல்முறையீடு என்று இரு மொழிச் சொற்களையும் துறைவாரியாகச் சேர்த்துப் பழக வேண்டும். கேட்டது வெளியே போகக் கூடாது என்பதால் மூடிய அறையும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்கு, மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி (NAATI) அமைப்பின் சான்றிதழைக் கேட்பார்கள். குழந்தைகளுக்கு இணையத்தில் பாடம் எடுப்பதென்றால் பல நாடுகளில் காவல்துறைப் பின்னணிச் சான்று தேவை. அது வர வாரக்கணக்கில் ஆகலாம்.

சம்பளத்தை எப்போதும் உங்கள் கடிகாரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் "ஒரு மணிக்கு 20 டாலர்" என்றால் அது அநேகமாக ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு. பழகியவருக்கே அதற்கு 4 மணி நேரம் ஆகும். புதியவர் 6 மணி நேரம் எடுத்தால் கையில் வருவது மணிக்கு 3 டாலர் 33 சென்ட். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இன்னும் குறையும். ஃப்ரீலான்ஸ் பணத்தில் பொதுவாக வரி பிடித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

ஊர் நேரத்துக்கு இரவு விழித்துச் செய்யும் வேலையை ஏற்பதற்கு முன் இரண்டு வாரம் அந்த நேரத்தில் உறங்கி எழுந்து பாருங்கள். குளிர்காலத்தில் பகல் சுருங்கும் நாடுகளில் வெயிலையே பார்க்காத நாட்கள் வரும்.

புதிதாக வந்தவர்களைத்தான் மோசடிக்காரர்கள் அதிகம் குறிவைக்கிறார்கள். பயிற்சிக்கு, சாதனத்துக்கு என்று முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். லேப்டாப் வாங்க என்று ஒரு காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். கணக்கில் பணம் தெரிந்தாலும் காசோலை போலி என்று சில வாரம் கழித்து வங்கி கண்டுபிடிக்கும். முழுத் தொகையும் உங்களிடமிருந்தே பிடிக்கப்படும். அதைவிட ஆபத்தானது, உங்கள் கணக்கில் வரும் பணத்தை வேறொருவருக்கு அனுப்பி கமிஷன் எடுத்துக்கொள்ளச் சொல்லும் "வேலை". அது திருட்டுப் பணத்தைக் கடத்துவது. கணக்கு மூடப்படும், வழக்கு வரும், விசாவும் போகலாம். ஏற்கெனவே பணம் வந்துவிட்டிருந்தால் அதைத் தொடாமல் அன்றே வங்கியை அழைத்துச் சொல்லுங்கள்.