பத்து மீட்டரில் பால் டின்: லாஸ்திக்கை மேம்படுத்தும் முறை

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மலிவு லாஸ்திக், அதாவது ரப்பர் கட்டிய உண்டிவில், வாங்கியவர், குறி சரியாக விழவில்லை என்றதும் அடுத்துப் பணம் போடுவது ரப்பரைத் தாங்கும் கவட்டையில்தான். அலுமினியம், பித்தளைக் குமிழ், லேசர் விளக்கு என்று செலவு ஏறும். குறியோ பழையபடிதான் இருக்கும். கவட்டை அசையாமல் நின்றால் அதன் வேலை முடிந்தது. குண்டு எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்வது ரப்பரின் அகலம், குண்டின் எடை, உங்கள் கை இழுக்கும் தூரம் ஆகிய மூன்றும்தான். இவை ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால், கொய்யாக் கவட்டையை வைத்தே மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தின் வீட்டுக் கொல்லையில் பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் பால் டின்னைத் தொடர்ந்து அடிக்கலாம்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு பத்து மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 14 செ.மீ. கீழே இறங்கிவிடும். வேகம் 50 மீட்டராகக் குறைந்தால் இறக்கம் 20 செ.மீ. ஆகிவிடும். பால் டின்னின் குறுக்களவே ஏழரை செ.மீ. அளவுதான். அதாவது, ஒரு தடவை கன்னம் வரைக்கும் இன்னொரு தடவை காது வரைக்கும் இழுத்தால், கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் டின் தப்பிவிடும். லாஸ்திக்கில் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் இந்த வேக வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும். அதைக் குறைக்காத மாற்றம் வெறும் அலங்காரம்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, காற்றுத் துப்பாக்கிக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். குறி சுடும் ஆசையை வீட்டுப் பக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள லாஸ்திக் எளிய வழி. ஆனாலும் அது விளையாட்டுச் சாமான் அல்ல. பொது இடத்தில் கையில் பிடித்தபடி திரிந்தால் போலீஸ் அதை ஆயுதமாகப் பார்க்க இடமுண்டு. ரப்பரைக் கழற்றிப் பைக்குள் வைத்தே கொண்டுபோங்கள். பறவையையும் அணிலையும் குறி வைக்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பலவகை உயிர்களைக் காக்கிறது. நாய், பூனையை அடித்தால் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது.

முதலில் குண்டு

ரப்பரை வெட்டுவதற்கு முன்பே குண்டை முடிவு செய்யுங்கள். பத்து மீட்டர் குறிக்கு 8 மி.மீ. இரும்புக் குண்டு போதும். எடை ஏறத்தாழ 2.1 கிராம். 9.5 மி.மீ. குண்டு 3.5 கிராம் வரும். அதற்கு இன்னும் அகலமான ரப்பர் வேண்டும், தோளும் சீக்கிரம் களைத்துப்போகும். சைக்கிள் கடையில் சுலபமாகக் கிடைக்கும் 6.35 மி.மீ. பால்ரஸ் ஒரு கிராம்தான். அதை வலுவான ரப்பரில் போட்டால், குண்டு எடுத்துக்கொள்ளாத சக்தி ரப்பரிலேயே தங்கி, பட்டை திரும்பி வந்து விரலில் அறையும். ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

கோலிக்குண்டு வேண்டாம். கெட்டியான பொருளில் பட்டால் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும். ஆற்றுக்கல் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒரு எடை என்பதால் அதை வைத்துக் கை பழகவே முடியாது. நம் ஊர் ஈரத்தில் இரும்புக் குண்டு துரு ஏறும். எண்ணெய் தடவி வைக்காதீர்கள், அந்த எண்ணெய் குண்டை வைத்து இழுக்கும் தோலுக்கும் அங்கிருந்து ரப்பருக்கும் போகும். பிஸ்கட் பொட்டலத்தோடு வரும் ஈரம் உறிஞ்சும் பையைக் குண்டு டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

இழுவையை அளப்பது

கவட்டையைப் பிடித்த கையை முழுதாக நீட்டி, மறு கையை வாயோரம் வரைக்கும் கொண்டுவாருங்கள். கட்டைவிரல் நகம் உதட்டு ஓரத்தைத் தொடட்டும். இனி ஒவ்வொரு தடவையும் விரல் வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான். கவட்டை நுனியிலிருந்து அந்த விரல் வரைக்கும் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 78 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதில் தோலின் பாதி நீளம் 3 செ.மீ. போக, ரப்பர் நீள வேண்டிய தூரம் 75 செ.மீ.

லேட்டெக்ஸ் பட்டையைத் தன் நீளத்தைப் போல நாலரை மடங்கு இழுப்பது அளவான இழுவை. 75ஐ 4.5ஆல் வகுத்தால் 16.7. அதை 17 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். கவட்டையில் கட்ட 2.5 செ.மீ., தோலில் கட்ட 1.5 செ.மீ. சேர்த்தால் வெட்ட வேண்டிய நீளம் 21 செ.மீ. ஐந்து மடங்குக்கு, அதாவது 15 செ.மீ. வேலை நீளத்துக்கு வெட்டினால் வேகம் கூடும். ஆனால் பட்டையின் ஆயுள் பாதியிலேயே போய்விடும். பழகும் காலத்தில் அது நஷ்டம். கிழியப்போகிறதோ என்ற பயத்தில் கையும் அரைகுறையாக இழுத்து விட்டுவிடும்.

ரப்பர் வெட்டுவது

மொத்த வேலையிலும் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். 0.5 முதல் 0.6 மி.மீ. கனமுள்ள லேட்டெக்ஸ் தாள் வாங்குங்கள். சைக்கிள் டியூப்பும் ரப்பர்தான் என்றாலும் மெதுவாகத்தான் சுருங்கும். இழுத்த சக்தியில் கணிசமான பங்கு அதற்குள்ளேயே சூடாகக் கழிந்துவிடும்.

8 மி.மீ. குண்டுக்குக் கவட்டைப் பக்கம் 20 மி.மீ., தோல் பக்கம் 12 மி.மீ. அகலம் வைத்துச் சரிவாக வெட்டவும். 9.5 மி.மீ. குண்டு என்றால் தாள் 0.7 மி.மீ., அகலம் 22க்கு 14. சரிவு ஏன்? குண்டோடு சேர்ந்து வேகமாகப் பாய்வது தோல் பக்கத்து ரப்பர். அந்த இடம் மெலிந்து எடை குறைவாக இருந்தால் குண்டுக்கு வேகம் கூடும். அதே காரணத்தால் இழுவிசையும் அங்கேதான் குவியும், அதனால் பட்டை முதலில் நைவதும் தோல் கட்டுக்குப் பக்கத்தில்தான்.

கத்தரிக்கோல் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரி ஒரு சிறு படியை விட்டுவிடும், கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். 45 மி.மீ. உருளும் கத்தியும் இரும்பு அடிமட்டமும் வேண்டும், அடியில் வெட்டும் பாய் விரித்திருக்க வேண்டும். தாளை இழுக்காமல் தளர்வாகப் பரப்பி, அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து, ஒரே ஓட்டத்தில் வெட்டுங்கள். பாதியில் கத்தியை எடுத்து மறுபடி வைத்தால் அந்தப் பட்டையைப் போட்டுவிட வேண்டியதுதான். இரண்டு பட்டையும் ஒரே தாளில், ஒரே திசையில் வெட்டியதாக இருக்க வேண்டும்.

வெட்டியதும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல இழுத்து ஓரங்களைப் பாருங்கள். சிறு பிசிறு இருந்தாலும் தள்ளிவிடுங்கள். பிறகு இரண்டு பட்டையையும் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் 500 மி.லி. தண்ணீர் போத்தலைக் கட்டுங்கள். நீளம் அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் அது ஜோடி அல்ல. ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் குண்டு எப்போதும் ஒரு பக்கமே ஒதுங்கும். ஆட்கள் அதைத் தங்கள் கைக்குறை என்று நினைத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள்.

தோலும் கட்டும்

மைக்ரோபைபர் தோல் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. மாட்டுத்தோல் வியர்வையில் ஊறி நீளும். 55 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம் 8 மி.மீ. குண்டுக்குச் சரி. ஓட்டைகள் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு மி.மீ. தவறினாலும் குண்டு நடுவில் உட்காராது.

பட்டையின் குறுகிய முனையை ஓட்டையில் நுழைத்து மடித்து, மீதமான லேட்டெக்ஸில் 4 மி.மீ. அகல நாடா வெட்டி, அதை நன்றாக இழுத்தபடி ஆறு சுற்றுச் சுற்றுங்கள். கடைசிச் சுற்றுக்கு அடியில் முனையைச் செருகி இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். நைலான் நூல் வேண்டாம், அது ரப்பரை அறுக்கும். கட்டியபின் தோலை மேசையில் பரப்பிப் பாருங்கள். பட்டை முறுக்கிக்கொண்டு இருந்தால் பிரித்துத் திரும்பக் கட்டவும்.

கவட்டை

மரக் கவட்டை என்றால் கொய்யா. இழை நெருக்கம், நல்ல உறுதி. செம்பனை (எண்ணெய்ப் பனை) வருவதற்கு முன்பு ஊரைச் சுற்றி நின்ற பால்மரம், அதாவது ரப்பர் மரம்தான் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் மருந்து ஏற்றாத பால்மரக் கட்டையில் நீலப் பூஞ்சை பிடிக்கும், பொடிவண்டு துளைக்கும். வெளியே நன்றாகத் தெரிவது உள்ளே பொடியாக இருக்கலாம், முகத்துக்கு முன்னால் உடைகிற பொருளுக்கு அது ஆகாது.

பச்சைக் கவட்டையின் வெட்டுமுனைகளில் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவி, நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் முனையிலிருந்து வெடிக்கும். வெளி அகலம் 90 மி.மீ. அளவில் இருக்கட்டும். நுனி ஒவ்வொன்றும் பட்டையைவிடச் சற்று அகலமாக, 24 மி.மீ. போல இருக்க வேண்டும். ரப்பர் தொடும் ஓரங்களை 400ஆம் எண் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். பட்டை கவட்டைப் பக்கம் அறுந்தால், பத்தில் ஒன்பது தடவை அங்கே ஒரு கூர்முனை ஒளிந்திருக்கும்.

புதுக் கவட்டையை முகத்துக்கு முன்னால் சோதிக்காதீர்கள். பிடியை மேசைப் பிடிப்பானில் இறுக்கி, இரண்டு நுனியிலும் கயிறு போட்டு 10 கிலோ அரிசி மூட்டையைச் சில நிமிடம் தொங்கவிடுங்கள். இந்த ரப்பர் அதற்குப் பாதி கூட இழுக்காது. முனகல் கேட்டாலோ கீறல் தெரிந்தாலோ அதை அடுப்புக்குப் போடலாம்.

குறிப்பெட்டி

40 செ.மீ. அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, உள்ளே பழைய துவாலை இரண்டை 10 செ.மீ. இடைவெளியில் மேல் ஓரத்தில் மட்டும் மாட்டித் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கீழேயும் இழுத்துக் கட்டினால் குண்டு துள்ளித் திரும்பும். தொங்கும் துணிதான் வேகத்தை விழுங்கும். பால் டின்னையும் கயிற்றில் ஆடும்படி பெட்டிக்கு முன் கட்டுங்கள். சுவர், மரத்தண்டு, ஸிங்க் தகடு எதையும் குறியாக்கக் கூடாது. பெட்டிக்குப் பின்னால் ஆள் நடக்கும் பாதையோ அண்டை வீட்டு ஜன்னலோ இருக்கக் கூடாது. 2.1 கிராம் குண்டு 60 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 4 ஜூல் சக்தி கொண்டது. ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம். ஹார்ட்வேர் கடையில் விற்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ரப்பரை இழுக்கவே வேண்டாம். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கும் ஒன்று வாங்குங்கள்.

தவறு எங்கே

குண்டு கவட்டையில் மோதினால், தோலை விடும்போது கை ஒரு பக்கம் இழுபடுகிறது. குண்டுக்குப் பின்னால் மட்டும் தோலைக் கிள்ளிப் பிடித்து, விரல்களைத் திறந்தால் போதும், உதற வேண்டாம். இழுத்து நிற்கும்போது இரண்டு பட்டையும் தட்டையாக, முறுக்கில்லாமல் தெரிய வேண்டும்.

குண்டு முகத்தை நோக்கித் திரும்பி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். குண்டு தோலுக்கு மிகச் சிறியதாக இருக்கும், அல்லது தோல் ஒரு பக்கம் மடிந்து குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் சரிபார்த்த பிறகே மறுபடி எடுக்கவும்.

காலையில் சரியாக விழுந்த குண்டு மத்தியானம் மேலே போவதும் உண்டு. சூடான ரப்பர் வேகமாகச் சுருங்கும். ரப்பரை மாற்றாதீர்கள், குறி பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்.

பட்டை காரணமில்லாமல் பிசுபிசுத்தாலோ வெடிப்பு விட்டாலோ எண்ணெய், வெயில், ஓசோன் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு லாஸ்திக்கைத் தொட வேண்டாம். காருக்குள் விட்டுவைக்க வேண்டாம். வாசனையில்லாத முகப்பவுடர் தூவி, பூட்டுப் பையில் போட்டு, மூடிய டின்னில் இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் தோல் கட்டுப் பக்கத்தை விரலால் விரித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு மி.மீ. கிழிசல் தெரிந்தாலும் இரண்டு பட்டையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் வேறு வேறு வேகத்தில் இழுக்கும்.