வால் வண்டிக்காரன் சொல்கிறேன்: சிம்ப்சன் பாலைவனத்தைக் கடப்பது எப்படி?

எங்கள் வண்டிச் சங்கத்தின் பயணங்களில் எனக்கு எப்போதும் கடைசி இடம்தான். அடிலெய்டிலிருந்து எட்டு வண்டிகள் கிளம்பினால் எட்டாவது என்னுடையது. முன்னால் போன ஏழு பேர் மணலை எப்படிக் கிளறிவைத்தார்களோ அதன்மேல்தான் நான் ஏறவேண்டும். யார் புதைந்தாலும் மண்வெட்டியோடு இறங்குபவனும் நான்தான். ஆகவே முதல்முறை வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. பாதிக்குமேல் புகார்.

தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம் மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இந்தப் பாலைவனம் கிடக்கிறது. வடக்குத் தெற்காக வரிவரியாக 1,100க்கு மேற்பட்ட செம்மணல் மேடுகள். எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். அங்கே செம்மணல் மேட்டைத் தேரி என்போம். அங்கே பனையும் முந்திரியும், இங்கே ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முள்புல். நிறம் மட்டும் அச்சு அசல். அதனால் இங்கேயும் தேரி என்றே எழுதுகிறேன்.

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கோடை வெயிலுக்காகத் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியை மூடிவிடுகிறார்கள். நாங்கள் ஜூலையில் போகிறோம். பகல் இதமாக இருக்கும், இரவில் கம்பளி போதாது. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். குயின்ஸ்லாந்துப் பக்கம் கூடாரம் போடுவதற்குத் தனிச் சீட்டு. மேற்கிலிருந்து கிழக்காகப் போவது நல்லது. தேரிகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்து. ஏற வேண்டியதில் சுலபமாக ஏறி, செங்குத்தில் இறங்கிவிடலாம்.

மேற்கே கடைசி டீசல் மவுண்ட் டேரில் கிடைக்கும். அடுத்தது பேர்ட்ஸ்வில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி. தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் என் பிராடோ, மணலில் 19 லிட்டர் குடித்தது. கணக்குப்படி 95 லிட்டர் போதும். நான் 150 லிட்டர் நிரப்புவேன். ஏற முடியாமல் பின்வாங்கும் தூரத்தை எந்த வரைபடமும் கணக்கில் சேர்ப்பதில்லை. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர், ஐந்து நாள் பயணத்துக்கு ஏழு நாள் தண்ணீர். கைப்பேசி வேலை செய்யாது. சங்கத்தின் செயற்கைக்கோள் தொலைபேசி முதல் வண்டியில் இருக்கும்.

இனி டயருக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

என் முதல் பயணத்தில் ஒரு சின்னத் தேரியில் ஏழு முறை முயன்று ஏழு முறையும் வழுக்கி இறங்கினேன். எட்டாவது முறைக்கு இன்ஜினை உறுமவிட்டபோது தலைவர் ரேடியோவில் நிதானமாகக் கேட்டார்: “டயரில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள்?” 28 என்றேன், பிஎஸ்ஐ (psi) என்னும் காற்றழுத்த அளவில். பஞ்சராகிவிடுமோ என்ற பயம் எனக்கு. “16க்கு இறக்குங்கள்” என்றார். இறக்கினேன். எட்டாவது முறை வண்டி பூனைபோல ஏறிப்போயிற்று.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும்; தரையில் படியும் நீளம்தான் கூடுகிறது. வயிறு தளர்ந்து ஊர்கிற புழுவைப்போல டயர் நீளமாகப் படுத்துக்கொள்கிறது. எடை பரவுவதால் மணல் உடையாமல் தாங்குகிறது. 18இல் தொடங்குங்கள், சிரமப்பட்டால் 16, மாட்டிக்கொண்டால் 12. அவ்வளவு குறைத்த பிறகு வேகமும் சட்டென்ற திருப்பமும் கூடாது. டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும்.

இதில் என் சொந்தக் குறையும் உண்டு. இறுகிய டயரோடு ஏறுகிறவரின் சக்கரம் சுழன்று, குதித்து, ஏற்றத்தில் குழிகளைத் தோண்டுகிறது. 1960களில் எண்ணெய் தேடியவர்கள் போட்ட பிரெஞ்ச் லைன் பாதையில் இப்படித் தோண்டப்பட்ட குழிகள் வரிசையாக இருக்கின்றன. அடுத்தவர் குழியில் விழாமலிருக்க இன்னும் வேகமாக வருகிறார், குழி இன்னும் ஆழமாகிறது. எட்டாவது வண்டி வரும்போது முழங்கால் ஆழம். உங்கள் டயரில் கூடுதலாக இருக்கும் அந்தப் பத்துப் புள்ளிக் காற்றுக்கு என் முதுகெலும்புதான் பதில் சொல்கிறது.

ஏறும் முறை எளிது. லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலையில், இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். வேகத்தைச் சமதளத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் மிதித்தால் சக்கரம்தான் சுழலும். உச்சி தெரிந்ததும் காலை மெல்லத் தளர்த்துங்கள், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. வண்டி நின்றுவிட்டால் அதோடு விடுங்கள். ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். பாதிச் சரிவில் திருப்பப் பார்த்தால் வண்டி உருளும். இறங்கும்போதும் மூக்கு நேராக இருக்கட்டும். பிரேக்கை நம்பாமல் கியரை நம்புங்கள்.

வண்டி முன்பக்கம் கொடிக்கம்பு கட்டாயம். தரையிலிருந்து கொடியின் உச்சி 3.5 மீட்டராவது இருக்கவேண்டும். எதிரே வருகிறவருக்கு உச்சிக்கு மேல் முதலில் தெரிவது அதுதான். ரேடியோ 10ஆம் அலைவரிசையில் இருக்கட்டும். “எட்டு வண்டிகள், பிரெஞ்ச் லைனில் கிழக்கு நோக்கி” என்று அடிக்கடி சொல்லுங்கள். மதியம் என்ன சமைக்கலாம் என்ற விவாதத்தை அதில் நடத்தாதீர்கள்.

புதைந்தால் முதலில் இறங்கி மண்வெட்டியை எடுங்கள். டயருக்கு முன்னும் வண்டியின் வயிற்றடியிலும் மணலை அள்ளுங்கள், காற்றை இன்னும் இறக்குங்கள், சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பலகையை டயருக்கு அடியில் செருகுங்கள். பத்துக்கு எட்டு முறை இதிலேயே வெளியே வந்துவிடலாம். கயிறு கட்டி இழுப்பது கடைசி வழி. கட்டுவதற்கென்றே உறுதிசெய்யப்பட்ட கொக்கிகளில் மட்டும் கட்டவேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டவே கூடாது. அது பிய்ந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும், இந்த நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் எட்டிப் போய்விடுங்கள்.

மாலையில் கூடாரம் அடிக்குமுன் வண்டிக்கு அடியில் படுங்கள். காய்ந்த ஸ்பினிஃபெக்ஸ் புகைக்குழாய் அருகே, தகட்டின் மேல் குருவிக்கூடுபோல அடைந்திருக்கும். சூட்டில் அது பற்றிக்கொண்டால் வண்டியே போய்விடும். என்னிடம் வளைந்த கம்பி ஒன்று இருக்கிறது. கோழியின் குடலை உருவுவதுபோல இழுத்து எடுப்பேன். ரேடியேட்டருக்கு முன் கொசுவலை கட்டுங்கள், விதைகள் அடைத்து இன்ஜின் கொதிக்காமலிருக்கும்.

நெருப்பைச் சுற்றி உட்காரும்போது யாராவது “நாம் பாலைவனத்தை வென்றுவிட்டோம்” என்பார். எனக்குச் சிரிப்பு வரும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான வங்காங்குரு மக்கள் மிகிரி என்னும் ஊற்றுக்கிணறுகளை அறிந்து இந்தத் தேரிகளுக்கிடையில் குடும்பம் நடத்தினார்கள். 1936இல் டெட் கோல்சனும் பீட்டர் எயின்ஸும் ஒட்டகங்களோடு கடந்தார்கள். 1962இல் ரெக் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வண்டியிலேயே கடந்தார். நம்மிடம் குளிர்பெட்டி இருக்கிறது.

கிழக்கே போகப்போகத் தேரிகள் உயரும். கடைசியில் பிக் ரெட், சுமார் 40 மீட்டர். அதில் யாருக்கும் வீம்பு வரும். மூன்று முறை முயன்று முடியவில்லை என்றால் சுற்றுப்பாதையில் போய்விடுங்கள், நானே இரண்டு முறை போயிருக்கிறேன். பேர்ட்ஸ்வில் தொட்டதும் காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள், தளர்ந்த டயர் சூடேறி வெடிக்கும். என் கம்ப்ரசருக்கு நான்கு டயருக்கும் அரைமணி நேரம் பிடிக்கும். அதற்குள் முன்வண்டிக்காரர்கள் மதுவிடுதியில் நாற்காலி பிடித்திருப்பார்கள். எனக்கும் ஒன்று பிடித்துவைக்கும்படி 10ஆம் அலைவரிசையிலேயே சொல்லிவிடுவேன்.