டர்பன் புழுக்கத்தில் ஜப்பான் டெனிம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு நண்பர் வீட்டு கராஜில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஐந்தாறு பேர் கூடுவோம். பழைய மேசையில் போர்வையை விரித்து அவரவர் ஜீன்ஸ், வேலைச் சட்டை, கோட்டு எல்லாவற்றையும் பரப்பி, நடுவில் ஒரு அளவு டேப்பையும் போட்டுவிட்டால், சாப்பாட்டுக்கு யாராவது வந்து கூப்பிடும்வரை நேரம் போவதே தெரியாது. போன தடவை புதிதாக ஒரு தம்பி வந்தார். கையில் 14 அவுன்ஸ் ஜப்பான் ஜீன்ஸ். எட்டு மாதம் பணம் சேர்த்து வாங்கி, வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்திருக்கிறார். பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி! அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். டர்பனுக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. இந்தத் துணியைப் பற்றி நாம் கேள்விப்படும் விதிகளில் பாதி, குளிர்ந்த வறண்ட ஊர்க்காரர்கள் அவர்கள் ஊருக்காக வகுத்துக்கொண்டவை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்ததில்தான் எங்கள் ஆட்களின் துணி பாதி வீணானது.

சரி, முதலில் சுருக்கம். துவைக்காத டெனிமில் (ஜீன்ஸ் தைக்கும் துணி) இரண்டு வகை உண்டு. ஒன்று சான்ஃபோரைஸ் செய்தது. 1930 வாக்கில் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் கிளூவெட் கண்டுபிடித்த முறை இது. துணிக்கு ஆவி காட்டி, அழுத்தி, ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நனைத்தாலும் பெரிதாகச் சுருங்காது. இன்னொன்று தறியிலிருந்து இறங்கியபடியே வருவது. அது 10 சதவீதம் வரை உள்ளே போகும். தறியில் பாவு நூலை, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலை, எவ்வளவு இழுத்துப் பிடித்திருப்பார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விட்டுப்போய், நூல் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஜீன்ஸில் பாவு மேலிருந்து கீழாக ஓடுவதால் கால் நீளம்தான் அதிகம் குறையும். இடுப்பு, போட்டுப் போட்டுக் கொஞ்சம் தளர்ந்து திரும்பிவிடும். நீளம் போனால் போனதுதான்.

தம்பி செய்த தவறு, கடைக்காரர் கொடுத்திருந்த அளவு துவைப்பதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்காதது. லேபிளில் ‘ஒன் வாஷ்’ என்று இருந்தால் ஒரு தடவை அலசிக் காயவைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது கொடுத்திருக்கும் அளவை அப்படியே நம்பலாம். அது இல்லையென்றால் சுருக்கத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். இடுப்பு எண் 32, 34 என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யவே கூடாது. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு பேண்டைத் தரையில் சமமாக விரித்து இடுப்பு, தொடை, முழங்கால், பேண்ட் காலின் கீழ்வாய், உள்நீளம், அப்புறம் முன்பக்கம் இடுப்பிலிருந்து கவட்டை வரை உள்ள உயரம், எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதி வையுங்கள். கவட்டை உயரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்தால் வயிற்றை அறுப்பது அந்த இடம்.

இதே கணக்கில் நானும் ஒரு தடவை கோட்டை விட்டேன். நனைப்பதற்கு முன்பே கால் நீளத்தை வெட்டித் தைக்கக் கொடுத்தேன். தையல்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துவைத்த பிறகு கரண்டைக்கு மேலே ஏறி நின்றது. முதலில் நனைத்து, காயவைத்து, இரண்டு மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு வெட்டுங்கள். காலின் கீழ் விளிம்பைச் சங்கிலித் தையலில் மடித்துத் தைத்தால் துவைக்கத் துவைக்க அந்த மடிப்பு கயிறு திரித்ததுபோல் அலை அலையாகச் சாயம் விடும். அதற்கென்றே பழைய யூனியன் ஸ்பெஷல் தையல் இயந்திரங்களைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. பக்கத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் சாதாரணத் தையலே போதும். பேண்ட் ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்போது நான் அதிகம் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் துவைக்கக் கூடாது என்ற விதி. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதில் நியாயம் இருக்கிறது. டெனிமில் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. நல்ல ஆலைகளில் பாவு இழைகளைக் கயிறாகச் சேர்த்து நீலச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். மறுபடி முக்கு, மறுபடி காற்று. சாயம் நூலின் மேல்தோலில் படலம் படலமாக ஏறுமே தவிர நடுத்தண்டு வெள்ளையாகவே நிற்கும். ஜப்பானில் இந்தக் கயிற்றுச் சாய முறையை 1970-இல் ஃபுகுயாமாவின் கைஹாரா ஆலை கொண்டுவந்தது. உரசும் இடத்தில் மேல்தோல் தேய்ந்து உள்ளேயிருக்கும் வெள்ளை தெரிவதுதான் நாம் ஆசைப்படும் அந்த மங்கல். துவைக்காமல் போட்டால் மடிப்புகள் ஒரே இடத்தில் விழுந்து, கோடு பளிச்சென்று வரும். அதெல்லாம் உண்மைதான்.

ஆனால் டர்பன் ஜனவரியை நினைத்துப் பாருங்கள். 28 டிகிரிதான். ஆனாலும் காற்றில் இருக்கும் ஈரத்தில் வாசலைத் தாண்டுவதற்குள் தொடையில் துணி ஒட்டிக்கொள்ளும். வியர்வை உப்பும் அழுக்கும் கவட்டைத் துணியில் படிந்து, நடக்க நடக்க உப்புத்தாள்போல் நூலை அறுக்கும். எங்கள் கூட்டத்தில் கவட்டை கிழிந்த ஜீன்ஸ் நான்கு. நான்குமே துவைக்காமல் வைராக்கியமாகப் போட்டவை. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள். குளிரில் அவை அடங்கிக் கிடக்கும், உடம்புச் சூடு பட்டதும் எழுந்துவிடும். உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் எங்கேயும் போகாது.

கராஜ் நண்பரின் அப்பா சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த விவாதம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, டீக் கோப்பையோடு வந்து நின்று கேட்டார்.

“என்ன தம்பி, வேலை உடுப்பைத் துவைக்காம வைக்கிறதா? எங்க ஆயா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. வெள்ளிக்கிழமை வந்ததும் பின்கட்டுல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும்.”

அவருடைய நீல ஓவரால் இன்னும் இருக்கிறது. வாராவாரம் துவைத்த துணி. தோள்பட்டையில் வானத்து வெளுப்பு, மார்புப் பைக்குக் கீழே மட்டும் பழைய நீலம். முழங்காலில் ஒட்டுக்கு மேல் ஒட்டு, தையல் நூல் மூன்று நிறத்தில். ஆயா கையில் கிடைத்த நூலை வைத்துத் தைத்திருக்கிறார். அந்த முழங்காலுக்கு ஈடான ஒரு மங்கலை விலை கொடுத்து வாங்கிய எதிலும் நான் பார்த்ததில்லை.

ஆகவே, கோடையில் பத்துப் பதினைந்து தடவை போட்டதும் துவைத்துவிடுங்கள். நாற்றம் அதற்கு முன்பே வந்தால் அப்போதே. உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, பொத்தான் போட்டு, தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். வெள்ளைக்குப் பளபளப்புக் கூட்டும் சோப்புத்தூள் நீலத்தைச் சாம்பலாக்கும். மென்மையான திரவ சோப்பு கொஞ்சமாகப் போதும். டிரையரில் போடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். முக்கியமாகத் தனியாகத் துவையுங்கள். எங்கள் வீட்டில் காவடித் திருவிழா முடிந்து வந்த அவசரத்தில் வெள்ளை வேட்டியும் என் புது ஜீன்ஸும் ஒரே இயந்திரத்தில் விழுந்து, வேட்டி இன்றுவரை இளநீலமாகத்தான் இருக்கிறது. புதிதாக வாங்கியதைப் போட்டுக்கொண்டு யார் வீட்டு வெளிர் நிற சோபாவிலும் முதல் மாதம் உட்காராதீர்கள்.

அடுத்து கனம். அவுன்ஸ் என்பது ஒரு சதுர கஜத் துணியின் எடை. 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 475 கிராம். 21 அவுன்ஸ் என்றால் 710 கிராம். அயர்ன் ஹார்ட் என்ற ஜப்பான் நிறுவனத்தின் புகழ்பெற்ற 21 அவுன்ஸ் ஜீன்ஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பிப்ரவரியில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு மசாலா வாங்கப் போவது உடம்புக்குச் செய்யும் கொடுமை. டர்பனுக்கு 10 முதல் 12 அவுன்ஸ் போதும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் ஜூலைக் காலைக்குக் கனமானதை வாங்கிக்கொள்ளட்டும்.

செல்வெட்ஜ் மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செல்வெட்ஜ் வேறொன்றும் இல்லை, நம் வேட்டிக்கு இருக்கும் கரைதான். நாடாத் தறியில் ஊடை நூல் அறுபடாமல் இந்த ஓரம் போய் அந்த ஓரம் திரும்பி வருவதால் விளிம்பு தானாகக் கட்டிக்கொள்கிறது. அந்தத் தறியின் அகலம் குறைவு, சுமார் 80 சென்டிமீட்டர். அதனால் துணியின் விளிம்பையே கால் தையலில் வைத்து வெட்டுகிறார்கள். காலை மடித்தால் சிவப்புக் கோடு தெரிகிறது. கரை நன்றாக இருந்தால் வேட்டி நல்ல வேட்டி என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா? நூலைப் பார்ப்போம், நெருக்கத்தைப் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். சிவப்புக் கோடு போட்ட மட்டமான துணி எத்தனையோ வருகிறது. ‘ஜப்பான் டெனிம்’ என்ற லேபிள் துணி எங்கே நெய்தது என்பதைத்தான் சொல்கிறது. தைத்தது வேறு நாட்டில் இருக்கலாம். அதுவும் குற்றமில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

நூல் என்றதும் எனக்கு நெஞ்சு நிறையும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஃபுல் கவுண்ட், மொமோதாரோ போன்ற ஜப்பான் ஜீன்ஸ் நிறுவனங்கள் கொண்டாடும் நீள இழைப் பருத்தி ஜிம்பாப்வேயிலிருந்து போவது. நமக்கு வடக்கே, லிம்போப்போ ஆற்றைத் தாண்டினால் அந்த நாடு. அங்கே கையால் பறித்த பருத்தி ஜப்பான் போய், நெய்து தைத்து, மறுபடி ஆப்பிரிக்கக் கரைக்கு வந்து என் மேசையில் கிடக்கிறது. இன்னொன்று, ‘சுகர் கேன்’ என்றே பெயர் கொண்ட ஜப்பான் தயாரிப்பு. அவர்கள் சில ஜீன்ஸ்களில் கரும்பு நாரையும் பருத்தியோடு கலந்து நெய்திருக்கிறார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது கரும்பு வெட்டத்தான். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அந்தக் கரும்பு நார்த் துணியைத் தடவிப் பார்க்கும்போது கராஜில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

பணக் கணக்கிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ஆடைக்குத் தென்னாப்பிரிக்காவில் 45 சதவீதம் சுங்க வரி. அப்புறம் 15 சதவீதம் வாட். அந்த வாட்டையும் பொருளின் விலையோடு பத்தில் ஒரு பங்கையும் சுங்க வரியையும் கூட்டி, அந்தத் தொகைக்குப் போடுவார்கள். 5,000 ரேண்ட் ஜீன்ஸுக்கு வரி 2,250, வாட் சுமார் 1,160. கூரியர்க்காரர் கட்டணம் தனி. பழைய ஜீன்ஸை ஜப்பானிலிருந்து தபாலில் வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போட்ட துணியை இறக்குமதி செய்ய இங்கே அனுமதிச் சீட்டு தேவை. அது இல்லாமல் பார்சல் சுங்கத்தில் நின்றுபோனால் பணமும் போச்சு, துணியும் போச்சு.

வாங்கியதைப் பூட்டி வைப்பதும் இந்த ஊரில் ஆபத்து. பழைய காலத்து மாதிரியில் இரும்புப் பொத்தான் வைத்தவை கடல் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருவேறி, துருக்கறை துணியிலும் இறங்கும். துவைக்காத டெனிமில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கிறது. ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வருஷக் கணக்கில் போடாமல் வைப்பதாக இருந்தால் அலசி, நன்றாக உலர்த்தி, பருத்திப் பையில் வையுங்கள்.

கஞ்சி என்றதும் ஷ்வேஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தித் துணி நினைவுக்கு வருகிறது. ஜப்பான் நீலத்துக்காக உயிரை விடும் நாம், இங்கேயே ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் டா காமா ஆலை அச்சிட்டுப் பேர் வாங்கிய இந்த நீலத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதுவும் கடையில் அட்டைபோல் விறைப்பாக நிற்கும். கடல் வழி வந்த நாளில் துணி ஈரத்தில் கெடாமலிருக்கப் போட்ட கஞ்சி அது. துவைக்கத் துவைக்க நெகிழ்ந்து உடம்போடு பேசும். நாக்கில் வைத்துப் பார்த்து அசல் என்று சொல்லும் பாட்டிமார்கள் உண்டு. அதில் ஒரு வேலைச் சட்டை தைத்துப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கிழியும்வரை காத்திருக்காதீர்கள். துவைத்துக் காய்ந்ததும் கவட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நீலம் போய் வெள்ளை ஊடை மட்டும் சல்லடைபோல் தெரிந்தால் அன்றைக்கே உள்பக்கம் மெல்லிய பருத்தித் துண்டை வைத்து, பாவு ஓடும் திசையிலேயே நெருக்கமாக இழையோட்டித் தைத்துவிடுங்கள். தடித்த துண்டு வேண்டாம். அதன் விளிம்பிலேயே புதுக் கிழிசல் பிறக்கும். தம்பியின் ஜீன்ஸை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். இடுப்பை மட்டும் நனைத்து, ஈரத்தோடு மூன்று பேர் பிடித்து இழுத்து, அப்படியே அவரைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னோம். பொத்தான் ஏறிவிட்டது. கால்தான் நான்கு விரல் குட்டை. மடிக்காமல் போட்டுக்கொள்கிறார்.