1700000000 என்பது எந்தத் தேதி?

கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு பில் கணக்கைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. "புதன்கிழமை விடியற்காலை போட்ட பில்லெல்லாம் செவ்வாய்க்கிழமைக் கணக்கில் எப்படித் தம்பி போய் உட்கார்ந்தது?" என்று ஒரு நாள் அவர் கேட்டார். தவறு என்னுடையதுதான்.

அவருடைய அட்டவணையில் பில் நேரம் தேதியாக இல்லை, பத்து இலக்க எண்ணாக இருக்கிறது. 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகளின் எண்ணிக்கை அது. அந்த நள்ளிரவு நம்முடையது அல்ல, உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. வம்பெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கிட வசதியாக 1700000000 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அட்டவணைகளைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் இதைத் தேதியாக்க ஃப்ரம்_யூனிக்ஸ்டைம் என்ற சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது. பெயரை ஆங்கில எழுத்தில், நடுவே அடிக்கோட்டுடன் தட்டி, அடைப்புக்குறிக்குள் நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால் போதும். சர்வர் உலக நேரத்தில் ஓடினால் 2023-11-14 22:13:20 என்று வரும். நம் கடிகாரத்தில் அது 15-ஆம் தேதி அதிகாலை 3:43:20. நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை போட்ட பில் எல்லாம் இப்படி முந்தைய நாளுக்குப் போய்விடும். பத்து மணிக்குத் திறக்கும் ஜவுளிக் கடைக்காரர் இதை ஆயுளுக்கும் கவனிக்க மாட்டார். காய்கறி மண்டியில் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

ஐந்தரை மணி நேரம் என்பது 19800 விநாடி; எண்ணோடு அதைக் கூட்டிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு சர்வரையே இந்திய நேரத்துக்கு மாற்றினார்கள். ஐந்தரை இரண்டு முறை சேர்ந்து 3:43 பில் 9:13 ஆகிவிட்டது. சேமித்த எண்ணில் கை வைக்காதீர்கள். இணைப்பைத் திறந்தவுடன் செட் டைம்_ஸோன் = '+05:30' என்று ஒரு வரி கொடுங்கள். அதே சார்பு சரியான தேதியைத் தரும். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் என்றால் சார்பின் பெயர் டு_டைம்ஸ்டாம்ப். அங்கே நேர மண்டலத்தை 'ஏஷியா/கோல்கத்தா' என்று ஊர்ப் பெயராகவே கொடுப்பது நல்லது.

எண் பதின்மூன்று இலக்கமாக இருந்தால் அது மில்லிவிநாடி. முதலில் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வகுக்காமல் போஸ்ட்கிரெஸிடம் கொடுத்தால் 55840-ஆம் ஆண்டுக்குக் கூட்டிப்போகும். மைஎஸ்க்யூஎல் வெறும் நல் (மதிப்பு இல்லை) என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும்.

நாள்-மாதம்-ஆண்டு என்று நம் வழக்கப்படி காட்ட மைஎஸ்க்யூஎல்லில் டேட்_ஃபார்மட் என்ற சார்பு இருக்கிறது. அதில் நிமிடத்துக்குரிய குறி ஆங்கிலச் சின்ன ஐ. சின்ன எம் என்பது மாதம். நான் எம் போட்டுவிட்டதால் நவம்பர் மாதப் பில்கள் அனைத்தும் 11-ஆவது நிமிடத்திலேயே போடப்பட்டதாகக் காட்டின. டிசம்பரில் 12 ஆனபோதுதான் விழித்துக்கொண்டேன்.

ஒரு நாளின் பில்களை மட்டும் தேடும்போது நெடுவரிசை முழுவதையும் தேதியாக்கி ஒப்பிடாதீர்கள். வேகமாகத் தேட அந்த நெடுவரிசைக்குப் போட்டுவைத்த இண்டெக்ஸ் பயன்படாமல் போய், தேடல் நத்தையாக ஊரும். தேடும் நாளை எண்ணாக்குங்கள். 2023 நவம்பர் 15 நம் நேரப்படி 1699986600-இல் தொடங்குகிறது. 1700073000 வந்தால் மறுநாள். முதல் எண்ணையும் சேர்த்து, இரண்டாவதற்குக் கீழே உள்ளவற்றை மட்டும் கேளுங்கள்.

முதலாளிக்கு எக்செல்தான் வேண்டுமாம். அங்கே எண்ணோடு 19800-ஐக் கூட்டி, 86400-ஆல் வகுத்து, 25569-ஐச் சேர்க்க வேண்டும். எக்செல் 1900-இலிருந்து நாள் எண்ணுகிறது. 25569 என்பது அதன் கணக்கில் 1970 ஜனவரி 1. இங்கே மட்டும் 19800-ஐக் கூட்டுவதில் தவறில்லை, எக்செல் தேதிக்கு நேர மண்டலம் என்று ஒன்று கிடையாது. நம் எண்ணுக்கு 45245.155 என்று விடை வரும். அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, கையால் எழுதிய பில் புத்தகத்தை அவரிடம் வாங்கி, விடியற்காலைப் பில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கோப்பை அனுப்புங்கள்.